வெட்டினால் குரல் போய்விடுமா?

போன மாதம் வீட்டிலேயே குரல் பதிவு செய்வது பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் மைக் பற்றி ஒன்றிரண்டுதான், மீதி எல்லாம் பதிவு செய்ததை எப்படி வெட்டி ஒட்டுவது என்பது பற்றி. அதனால் இந்த மாதம் முழுக்க எடிட்டிங்தான். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் என் தங்கை பாடியதைப் பதிவு செய்தேன். சரணத்தில் ஒரு வரி பிசிறியதால் அதை மட்டும் வெட்டி டெலிட் செய்து, சேவ் பண்ணி, கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டேன். இப்போது அந்த வரிதான் நன்றாக இருந்தது என்கிறாள். அன்டூ வேலை செய்யவில்லை. போனது போனதுதானா சார்? (கல்லூரி மாணவர், கோவில்பட்டி)

பதில்: போகவில்லை தம்பி, பத்திரமாக இருக்கிறது. வெட்டிய இடத்துக்கு இடதுபக்கம் இருக்கிற துண்டின் வலது ஓரத்தில் மவுஸை வைத்து வலப்பக்கமாக இழுத்துப் பாருங்கள், தங்கையின் வரி அப்படியே திரும்பி வரும்.

ஏன் என்று தெரிந்துகொண்டால் இனிமேல் பயமில்லாமல் வெட்டலாம். ரெக்கார்ட் அழுத்தியதும் குரல் ஒரு வேவ் கோப்பாக ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்படுகிறது. திரையில் நாம் பார்க்கிற அந்த நீளப் பெட்டி குரல் இல்லை, அந்தக் கோப்பைப் பார்க்கிற ஜன்னல். ரீப்பரில் அதற்குப் பெயர் ஐட்டம், ஸ்டுடியோக்களில் இருக்கிற ப்ரோ டூல்ஸ் மென்பொருளில் க்ளிப் (2011-இல் 10-ஆம் பதிப்பு வரும்வரை அங்கே ரீஜன் என்றுதான் சொன்னார்கள், பழைய ஆட்கள் இன்னமும் அப்படித்தான் சொல்வார்கள்). "இந்தக் கோப்பில் 12-ஆவது வினாடியிலிருந்து 19-ஆவது வினாடி வரை இந்த இடத்தில் வாசி" என்கிற ஒரு குறிப்பு, அவ்வளவுதான் அது. நீங்கள் வெட்டியபோது ஒரு ஜன்னல் இரண்டாகியது, டெலிட் செய்தபோது ஒரு ஜன்னலை அடைத்தீர்கள். வெளியே தோட்டம் அப்படியேதான் இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, எல்லா மென்பொருளும் எல்லா நேரமும் இப்படி இல்லை. ஆடாசிட்டியில் 2021-இல் வந்த 3.1 பதிப்பிலிருந்து க்ளிப்பின் ஓரத்தை இழுத்துக் குறைத்தால் மறுபடி விரிக்க முடியும், ஆனால் நடுவில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து டெலிட் கொடுத்து, சேவ் செய்து மூடிவிட்டால் திரும்ப வராது. இரண்டு, ரீப்பரின் ஃபைல் மெனுவில் ப்ராஜெக்ட் ஃபோல்டரைச் சுத்தம் செய்யும் வசதி ஒன்று உண்டு. எந்த ஜன்னலும் பார்க்காத கோப்புகளைத் தேடிப்பிடித்து அழிப்பது அதன் வேலை, பாட்டு முடிந்து வெளியாகும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இதில் நான் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு முழு நாள் பதிவை இன்னொரு ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனேன், பென் டிரைவில் ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் போட்டுக்கொண்டு. சில நூறு கேபி தான் இருந்தது, அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அங்கே போய்த் திறந்தால் எல்லா ஜன்னலும் இருக்கிறது, ஒன்றிலும் சத்தம் இல்லை. ப்ராஜெக்ட் கோப்பில் குரல் கிடையாது, குறிப்புகள்தான் இருக்கும். ஃபோல்டரை முழுசாக எடுத்துப் போக வேண்டும்.

கேள்வி: நாவல்களை ஒலிநூலாகப் படித்துப் பதிவு செய்கிறேன். தவறான வார்த்தையை நீக்கி ஒட்டுகிற இடங்களில் "டிக்" என்று ஒரு சத்தம். சத்தம் வராத இடங்களிலும் ஒட்டு போட்டது தெரிகிறது. எங்கே வெட்டுவது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த டிக். ஒலி அலை நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அலை உச்சியில் இருக்கும்போது வெட்டி, அடுத்த துண்டு பள்ளத்தில் தொடங்கினால், ஸ்பீக்கர் ஒரே தாவலில் மேலிருந்து கீழே வர வேண்டும். அந்தத் தாவல்தான் உங்கள் காதில் டிக். அலை நடுக்கோட்டைக் கடக்கிற புள்ளியில் வெட்டினால் பெரும்பாலும் வராது. ஆடாசிட்டியில் இடத்தைத் தேர்ந்தெடுத்து இசட் விசையைத் தட்டினால் அதுவே அந்தப் புள்ளிக்கு நகர்த்திக் கொடுக்கும். அதைவிட நம்பகமானது, ஒட்டுகிற இரண்டு முனைகளையும் 5 முதல் 10 மில்லி வினாடிக்கு ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி க்ராஸ்ஃபேட் போடுவது, அதாவது முதல் துண்டின் ஒலி மெல்லக் குறையும்போதே அடுத்ததின் ஒலி மெல்லக் கூடும்படி வைப்பது. ரீப்பர் வெட்டும்போதே சின்ன ஃபேட் போட்டுவிடும், ப்ரோ டூல்ஸில் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் எஃப் (மேக்கில் கமாண்ட் எஃப்) தட்ட வேண்டும்.

சரி, டிக் போயிற்று. ஒட்டு தெரிவது வேறு வியாதி. அதற்கு மருந்து மென்பொருளில் இல்லை, தமிழில் இருக்கிறது.

க, ட, த, ப போன்ற வல்லின எழுத்தைச் சொல்லும்முன் வாய் ஒரு கணம் காற்றை அடைக்கிறது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த அடைப்பு ஒரு சின்ன வெற்றிடமாகத் தெரியும், உடனே ஒரு வெடிப்பு. அந்த வெற்றிடத்துக்குள், வெடிப்புக்குச் சற்று முன்னால் வெட்டுங்கள், எந்தக் காதுக்கும் தெரியாது. ஸ, ஷ மாதிரி காற்றுச் சீறும் ஒலிகளும் நல்ல இடம்தான், அந்த இரைச்சல் ஒட்டை மூடிவிடும். மோசமான இடம் உயிர் ஒலிக்கு நடுவில், அடுத்து ம, ன, ல, ர. எல்லாவற்றையும் விட மோசம், உயிரில் முடிகிற சொல்லும் உயிரில் தொடங்குகிற சொல்லும் சந்திக்கிற இடம். "மணி அடித்தது" என்று எழுதுகிறோம், படிக்கும்போது வாய் "மணியடித்தது" என்றுதான் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் உடம்படுமெய் என்று படித்தோமே, அதே யகரம் இரண்டு சொல்லையும் தைத்துவிடுகிறது. அங்கே பிரிக்க இடமே கிடையாது. கர்சரை நகர்த்திக்கொண்டே போய் அடுத்த வல்லினத்தில் வெட்டுங்கள், ஒரு சொல் கூடுதலாகத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. "பாட்டு" என்று சொல்லும்போது பா-வுக்கும் டு-வுக்கும் நடுவில் இருக்கிற மௌனம்தான் அந்த ட். நிதானமாகப் படிப்பவர்களிடம் அது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே இருக்கும். வெற்றிடம்தானே என்று அதில் பாதியை நறுக்கினால் வேகம் கூடாது, ட் தேய்ந்து போகும், கேட்பவருக்கு "பாடு" என்றா சொன்னார் என்று ஒரு தடுமாற்றம் வரும். இரட்டை எழுத்துக்குள் கத்தி வைக்காதீர்கள்.

மூச்சையும் மொத்தமாக நீக்க வேண்டாம். மூச்சே விடாத குரலைப் பத்து நிமிடம் கேட்டால் கேட்பவருக்கு மூச்சு முட்டும். உறுத்துகிற மூச்சை மட்டும் தனி க்ளிப்பாக்கி, அதன் ஒலியளவை 6 முதல் 8 டெசிபல் குறையுங்கள், போதும். அப்புறம், படிக்கத் தொடங்கும்முன் ஒவ்வொரு நாளும் அரை நிமிடம் சும்மா உட்கார்ந்து அறையின் சத்தத்தைப் பதிவு செய்து வையுங்கள். ஒட்டு போடும்போது இடைவெளி தேவைப்பட்டால் அதிலிருந்து எடுத்து நிரப்பலாம், வெறும் மௌனத்தை வைத்தால் திடீரென்று காது அடைத்த மாதிரி இருக்கும்.

கேள்வி: நான் வானொலியில் டேப் எடிட் செய்து ஓய்வு பெற்றவன். கால் அங்குல டேப்பை பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டுவோம். என் பேரன் கணினியில் க்ராஸ்ஃபேட் என்கிறான். இரண்டும் ஒன்றுதானா? (வாசகர், திருச்சி)

பதில்: ஒன்றேதான் ஐயா. உங்கள் காலத்து ஜன்னல் உண்மையாகவே தோட்டத்தை வெட்டியது, அது ஒன்றுதான் வித்தியாசம். நேராக வெட்டினால் டிக் வரும், 45 பாகையில் சாய்த்து வெட்டினால் வராது. காரணம், டேப் ஹெட்டைக் கடக்கும்போது பழைய துண்டின் அகலம் மெல்லக் குறைந்து புதிய துண்டின் அகலம் மெல்லக் கூடுகிறது. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். வினாடிக்கு 15 அங்குல வேகத்தில் அந்தச் சாய்வு கடக்க ஏறக்குறைய 17 மில்லி வினாடி ஆகும், ஏழரை அங்குல வேகத்தில் 33. பேரன் திரையில் இழுக்கிற க்ராஸ்ஃபேட்டும் இப்படி மில்லி வினாடிக் கணக்கில்தான். நீங்கள் ரீலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, "க்" எங்கே தொடங்குகிறது என்று காதால் கண்டுபிடித்திருப்பீர்களே, அதைப் பேரனுக்குச் சொல்லிக்கொடுங்கள். இப்போதைய பிள்ளைகள் அலையைப் பார்த்தே வெட்டுகிறார்கள். பார்வைக்குச் சரியாக இருக்கிற ஒட்டு காதுக்குச் சரியில்லாமல் போவதை நான் தினமும் பார்க்கிறேன்.

கேள்வி: மகள் பாடும் பக்திப் பாடல்களை வீட்டில் பதிவு செய்கிறோம். ஒரு பாட்டுக்கு எட்டு டேக் எடுத்து (எட்டு முறை பாடிப் பதிந்து), நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கிச் சேர்க்கிறேன். எல்லாம் சுருதியில் இருக்கிறது, ஆனால் பாட்டு உயிரில்லாமல் இருக்கிறது. பின்னால் ஒலிக்கும் தம்புராவும் விட்டுவிட்டுக் குதிக்கிறது. (வாசகர், சிதம்பரம்)

பதில்: எட்டு டேக்கில் வார்த்தை வார்த்தையாகப் பொறுக்காதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். எட்டையும் கண்ணை மூடிக் கேட்டு, எதில் மகள் பாட்டுக்குள் போயிருக்கிறாள் என்று பார்த்து அதை அடிப்படையாக வையுங்கள். அதில் நிஜமாகவே தவறிய வரிக்கு மட்டும் வேறு டேக்கிலிருந்து முழு வரியாக எடுங்கள். ஒரு வரிக்குள் குரலின் எடை ஏறி இறங்குகிற விதம் ஒன்று இருக்கிறது, நான்கு வார்த்தை நான்கு டேக்கிலிருந்து வந்தால் சுருதி சேரும், அந்த எடை சேராது.

வரியை எடுக்கும்போது அதற்கு முன்னால் இருக்கிற மூச்சையும் சேர்த்து எடுங்கள். மூச்சு அடுத்த வரிக்குச் சொந்தம். உச்சத்துக்குப் போகப் போகிற வரிக்கு இழுக்கிற மூச்சும் மெதுவாக இறங்குகிற வரிக்கு இழுக்கிற மூச்சும் ஒன்றில்லை, அதை மாற்றி வைத்தால் என்ன தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் கேட்பவருக்கு உறுத்தும்.

கமகத்துக்குள், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுகிற இடத்துக்குள், வெட்டவே கூடாது. இரண்டு டேக்கிலும் அதே ஸ்வரம்தானே என்று தோன்றும், ஆனால் ஒன்றில் குரல் மேலே ஏறிக்கொண்டிருக்கும், மற்றதில் இறங்கிக்கொண்டிருக்கும். ஒட்டினால் அசைவு முறிந்துவிடும். மேலே சொன்ன வல்லின விதி இங்கேயும் உதவும், சொல் இல்லாமல் "ஆ" என்று அகாரமாக நீளும் சங்கதிகளில் மட்டும் உதவாது, அங்கே முழுச் சங்கதியையும் ஒரே டேக்கில்தான் எடுக்க வேண்டும். க்ராஸ்ஃபேட்டின் வளைவைத் தேர்ந்தெடுக்கக் கேட்டால், வெவ்வேறு டேக்கை ஒட்டும்போது ஈக்வல் பவர் வையுங்கள், நேர்கோட்டு ஃபேட் வைத்தால் நடுவில் ஒலி சற்றுத் தொய்யும். ஒரே டேக்கின் ஒரே ஒலியை ஒட்டும்போது நேர்கோடு சரி.

தம்புரா குதிப்பதற்குக் காரணம் எளிது. நான்கு தந்திகள் வரிசையாக மீட்டப்படுகின்றன, நீங்கள் குரலை வெட்டும்போது மைக்கில் விழுந்த தம்புராவும் வெட்டுப்பட்டு, பஞ்சமத்துக்கு அடுத்து மறுபடி பஞ்சமம் வருகிறது. பாடும்போது தம்புரா மகளின் ஹெட்ஃபோனில் மட்டும் ஒலிக்கட்டும். எடிட் முடிந்தபின் தனி ட்ராக்கில் ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே நீட்டமாக வையுங்கள். ஏற்கெனவே பதிவானதற்கும் அதைச் செய்து பாருங்கள், முழுசாக மறையாது, ஆனால் பெருமளவு மூடிவிடும்.

கேள்வி: பறை பதிவு செய்து, அடிகளை வெட்டி க்ரிட்டில் (திரையில் தாளத்தைச் சமமாகப் பிரிக்கிற கோடுகளில்) ஒட்ட வைத்தேன். தாளம் துல்லியமாகிவிட்டது, ஆட்டம் போய்விட்டது. இரண்டு மைக் வைத்திருந்தேன், சத்தமும் மெலிந்துவிட்டது. (வாசகர், மதுரை)

பதில்: சத்தம் மெலிந்ததற்குக் காரணம் இரண்டு மைக்கின் க்ளிப்புகளையும் தனித்தனியாக நகர்த்தியது. ஒலி ஒரு மில்லி வினாடியில் 34 சென்டிமீட்டர்தான் போகும், ஒரு மீட்டர் தள்ளி வைத்த மைக்குக்கு அதே அடி 3 மில்லி வினாடி பிந்தித்தான் வரும். அந்த உறவு ஒவ்வொரு அடிக்கும் மாறினால் அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். வெட்டும்முன் இரண்டு க்ளிப்பையும் தேர்ந்தெடுத்து க்ரூப் செய்துவிடுங்கள் (ரீப்பரில் ஜி). அடி வெடிக்கிற இடத்திலேயே வெட்டாமல் சில மில்லி வினாடி முன்னால் வெட்டுங்கள், இல்லாவிட்டால் குச்சி தோலில் படுகிற அந்த முனை மழுங்கும்.

ஆட்டம் போனதற்கு, க்ரிட்டை அணைப்பதுதான் வழி. பறை அடிப்பவர்கள் ஒரே வேகத்தில் அடிப்பதில்லை, சூடு ஏற ஏறக் காலமும் கூடும். அது தவறு இல்லை. யாராவது தெளிவாகத் தடுமாறிய அடியை மட்டும் பக்கத்து அடிகளைக் கேட்டு நகர்த்துங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருந்து சென்னை இசையமைப்பாளர் ஒருவருக்குக் குரல் பதிந்து அனுப்பினேன். அங்கே திறந்தால் குரல் மெலிந்து, வேகமாக ஓடுகிறதாம். என்னிடம் சரியாக இருக்கிறது. (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: நீங்கள் 44,100 சாம்பிள் வீதத்தில் பதிந்திருக்கிறீர்கள், அங்கே ப்ராஜெக்ட் 48,000-இல் இருக்கிறது, மாற்றாமல் அப்படியே ஏற்றிவிட்டார்கள். வினாடிக்கு 44,100 துளிகளாக எழுதியதை 48,000 துளிகளாகப் படித்தால் 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 வினாடியில் முடிந்துவிடும். 5 கட்டைச் சுருதியில் பாடியது ஐந்தரையைத் தாண்டி, ஆறுக்கும் எட்டாமல் எங்கோ நிற்கும். உங்கள் பதிவில் குறை ஒன்றுமில்லை, திரும்பப் பாட வேண்டியதில்லை. ஏற்றும்போது 48,000-க்கு மாற்றும்படி சொல்லுங்கள். இனி தொடங்கும்முன்பே கேட்டுவிடுங்கள், படத்துக்கு என்றால் பெரும்பாலும் 48,000.

துண்டு துண்டாகவும் அனுப்பாதீர்கள். பாட்டின் பூச்சியப் புள்ளியிலிருந்து கடைசி வரை ஒரே கோப்பாக்கி அனுப்பினால், அவர் தன் ப்ராஜெக்டின் தொடக்கத்தில் போட்டாலே போதும், இடம் சரியாக விழும். வேவ் கோப்பாக அனுப்புங்கள். எம்பி3 ஆக்கினால் தரம் போவது ஒரு பக்கம், முன்னால் சில மில்லி வினாடி வெற்றிடமும் சேர்ந்துகொள்ளும். வாட்ஸ்அப்தான் வழி என்றால் ஆடியோவாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

கேள்வி: எந்த மென்பொருள் வாங்கலாம்? (பலர்)

பதில்: பேச்சுக்கு ஆடாசிட்டி, இலவசம். பாட்டுக்கு ரீப்பர், 60 நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம். ஸ்டுடியோவில் வேலைக்குப் போவதே நோக்கம் என்றால் ப்ரோ டூல்ஸ் பழகுங்கள். வருடத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

கேள்வி: என் பாட்டி பாடிய தாலாட்டை போனில் பதிவு செய்தேன். பதினோரு நிமிடம். நடுவில் அவர் நிறைய இடத்தில் நிறுத்தி யோசித்தார், அதனால் ஆடாசிட்டியில் மௌனங்களைத் தானாகக் குறைக்கிற ட்ரங்கேட் சைலன்ஸ் போட்டேன். எட்டு நிமிடமாகிவிட்டது, ஆனால் பாட்டி யாரோ துரத்துகிற மாதிரி பாடுகிறார். ஃபேன் சத்தமும் எடுக்க வேண்டும். (வாசகி, தேனி)

பதில்: அந்தக் கருவி செய்தி வாசிப்புக்கு உதவும், தாலாட்டுக்கு உதவாது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போன ஒலி எல்லாமே அதற்கு மௌனம்தான், பாட்டி நினைவில் தேடிய இடைவெளியும் தொட்டில் ஒருமுறை போய்த் திரும்புகிற இடைவெளியும் அதற்கு ஒன்றே. எந்த இடைவெளி எது என்று உங்களுக்குத்தான் தெரியும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர். அதனால் மூலப் பதிவிலிருந்து மறுபடி தொடங்கி, கையால் செய்யுங்கள். வரிக்கும் வரிக்கும் நடுவில் அவர் இயல்பாக விடுகிற இடைவெளி எவ்வளவு என்று நான்கைந்து இடத்தில் அளந்து பாருங்கள். யோசித்து நின்ற இடங்களை மட்டும் அந்த அளவுக்குக் குறைத்து, ஃபேன் சத்தம் தொடர்ச்சியாக இருக்கும்படி 30, 40 மில்லி வினாடி க்ராஸ்ஃபேட் வையுங்கள். குறைக்காமலே விட்டாலும் தவறில்லை. எனக்கு அனுப்பினால் நான் பதினோரு நிமிடமும் கேட்பேன்.

ஃபேனைக் குறைப்பது எடிட் முடிந்தபிறகுதான். ஃபேன் மட்டும் ஒலிக்கிற ஓரிரு வினாடியைத் தேர்ந்தெடுத்து நாய்ஸ் ப்ரொஃபைல் (எந்தச் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று மென்பொருளுக்குக் காட்டுகிற மாதிரி) எடுத்து, 6 டெசிபல் மட்டும் குறையுங்கள். இருபது டெசிபல் குறைத்தால் ஃபேனோடு பாட்டியின் குரலில் இருக்கிற காற்றும் போய், தண்ணீருக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஆகிவிடும்.

முதலில் போனில் இருக்கிற அந்தக் கோப்பை இன்றைக்கே வேறு இரண்டு இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். எடிட் எல்லாம் பிரதியில்தான். போனில் இடம் போதவில்லை என்று அதை அழித்திருந்தால், பாட்டி பக்கத்தில் இருக்கிறார் என்றால், ஃபேனை அணைத்துவிட்டு இன்னொரு முறை பாடச் சொல்லுங்கள்.